ஒரு சென்ட் பள்ளித் தோட்டம்: எதற்கு, எப்படி, எங்கே தவறுகிறது

பள்ளியில் காய்கறித் தோட்டம் என்று பேச்செடுத்தால் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "நல்லதுதான், சத்துணவுக்குக் காய் வாங்கும் செலவு மிச்சம்". இன்னொன்று, "படிக்க வந்த பிள்ளைங்க கையில மண்வெட்டியா?" பாராட்டும் திட்டும் ஒரே பிழையிலிருந்துதான் கிளம்புகின்றன. இருவருமே தோட்டத்தை ஒரு குட்டிப் பண்ணையாகப் பார்க்கிறார்கள்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் போன வருடம் எத்தனை கிலோ உப்பு தயாரானது என்று எந்த அதிகாரியும் கேட்பதில்லை. அங்கே உப்பு விளைவது நோக்கமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளித் தோட்டமும் ஒரு ஆய்வுக்கூடம்தான். கூரை கிடையாது, சோதனையின் முடிவைச் சாப்பிடலாம் என்பது மட்டும் கூடுதல்.

மத்திய அரசு 2019-இல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. மதிய உணவு வழங்கும் பள்ளிகளில் பிள்ளைகளே தோட்டம் போட வேண்டும், இடம் இல்லாத இடத்தில் தொட்டியிலாவது வளர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகு பெயர்ப் பலகைகள் நிறைய வந்தன. பலகைக்குக் கீழே என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## முதலில் கணக்கு

மதிய உணவுத் திட்ட அளவின்படி தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒருவருக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி; ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம். நூறு பிள்ளைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு நாளுக்கு 5 கிலோ. ஆண்டுக்கு 220 நாள் பள்ளி நடந்தால் 1,100 கிலோ.

இப்போது நிலம். ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி. அதில் 3 அடி அகலம், 12 அடி நீளத்தில் ஆறு பாத்தி, நடக்க 2 அடி வழிகள் என்று பிரித்தால் பயிர் நிற்கும் இடம் 216 சதுர அடி, அதாவது சுமார் 20 சதுர மீட்டர். கீரையோ வெண்டையோ நன்றாக வந்தால் ஒரு போகத்தில் சதுர மீட்டருக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ. மூன்று போகம் எடுத்தாலும் ஆண்டுக்கு 75 கிலோ அளவில் நிற்கும். அது பதினைந்து நாள் காய்கறி.

ஆகவே ஒரு சென்ட் தோட்டம் பள்ளியின் காய்கறித் தேவையில் நூற்றுக்கு ஏழு பங்கைத் தரும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். மிச்சம் பிடிக்கலாம் என்று தொடங்கியவர்கள் இரண்டாம் வருடம் கைவிடுவது இதனால்தான்.

## கத்தரிக்காயை ஒதுக்கி வைக்கும் குழந்தை

பிறகு எதற்கு? தட்டைப் பாருங்கள். சாம்பார் சாதத்தில் சோறு போய்விடும், ஓரத்தில் காய்த்துண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பழகாத உணவைக் கண்டு குழந்தை பின்வாங்கும் இந்த இயல்புக்குப் புது உணவுத் தயக்கம் என்று பெயர். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை அது உச்சத்தில் இருக்கும். பிடிவாதம், செல்லம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

புதிதாகத் தெருவுக்குக் குடிவந்தவரை முதல் நாளே யாரும் வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை. நாலு நாள் பார்த்து, சிரித்து, பேர் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும். உணவும் அப்படியே. ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை, சிலருக்கு அதற்கும் மேலே சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டில் மூன்றாம் தடவையே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். தோட்டத்தில் அந்தப் பழக்கம் தட்டுக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. விதையை எண்ணி, முளையைப் பார்த்து, இலையை முகர்ந்து, பறித்து முடிக்கும்போது காய் அந்நியமாக இருப்பதில்லை.

இதுவரை சொன்னது: தோட்டம் கிலோவை உயர்த்தாது, ஓரத்தில் ஒதுங்கும் காயைக் குறைக்கும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விதை போட்ட அதே கை தட்டில் அதைச் சந்திக்க வேண்டும். நட்டது ஒரு வகுப்பு, பறித்தது காவலாளி, சாப்பிட்டது யாரோ என்றால் ஆய்வுக்கூடம் மறுபடி குட்டிப் பண்ணையாகிவிடும்.

## பாத்தி ஏன் மூன்றடி

புத்தகங்களில் நான்கடிப் பாத்தி இருக்கும். அது பெரியவர் கைக்கு. எட்டு வயதுக் குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் கை ஒன்றரை அடிக்குத்தான் எட்டும். இரு பக்கமும் சேர்த்து மூன்றடி. அதற்கு மேல் போனால் பாத்திக்குள் காலை வைப்பார்கள், மண் இறுகும், வேருக்குக் காற்றுப் போகாது. பாத்திக்கு ஐந்து பேர், ஆறு பாத்திக்கு முப்பது பேர். ஒரு வகுப்பு சரியாக அடங்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வெயில். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழாத இடத்தில் காய் பிடிக்காது. வேப்ப மர நிழல் பிள்ளைகளுக்கு நல்லது, வெண்டைக்கு ஆகாது. இரண்டாவது வேலி. ஒரு வெள்ளாடு ஒரு மதியத்தில் ஒரு மாத உழைப்பைத் தின்றுவிடும், இதைப் பற்றி விரிவாக எழுத எதுவுமில்லை. வேலி முதலில், விதை பிறகு.

பள்ளி வளாக மண் பெரும்பாலும் மண்ணே இல்லை. கட்டடம் கட்டியபோது மிஞ்சிய செங்கல் உடைசல், சுண்ணாம்புக் காரை, ஜல்லி. அதில் நட்டால் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் வெளுக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியாததால் வருவது அது. அத்தகைய இடத்தைக் கொத்திக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டுவிடலாம். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்காமல் காப்பதும் அந்த உயரம்தான்.

## குப்பை எப்படி உரமாகிறது

இட்லி மாவு புளிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாவைத் தின்று காற்றை விடுகின்றன. அரிசியும் உளுந்தும் அளவு மாறினால் மாவு கெடும். மக்குக் குழியிலும் அதே உயிர்க்கூட்டத்தின் உறவினர்கள்தான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் இரண்டு பொருள் வேண்டும். உடம்பை ஓட்ட எரிபொருளாகக் கார்பன். அது காய்ந்த சருகில் இருக்கிறது. உடம்பைக் கட்ட நைட்ரஜன். அது பச்சைக் காய்த்தோல், கீரைத் தண்டு, சாணத்தில் இருக்கிறது. இந்த இரண்டின் அளவைக் கார்பன்–நைட்ரஜன் விகிதம் என்பார்கள். எடைபோட வேண்டாம்: மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சை என்று அடுக்கினால் போதும்.

நாற்றம் அடித்தால் பச்சையும் ஈரமும் அதிகம், காற்று குறைவு. சருகு சேர்த்துக் கிளறுங்கள். மாதமாகியும் அப்படியே கிடந்தால் ஈரம் போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் மக்கும், கிளறாவிட்டால் மூன்று மாதத்துக்கு மேல்.

சத்துணவுக் கூடத்துக்கே உரிய ஒரு பொருள் முட்டை ஓடு. நூறு முட்டை வேகவைத்தால் அரைக் கிலோ ஓடு. முழுசாகக் கொட்டினால் காக்கையும் எலியும் வரும், வருடக்கணக்கில் மக்காது. வெயிலில் காயவைத்து, துணியில் மூட்டை கட்டி, கல்லால் தட்டித் தூளாக்கிப் போட வேண்டும். அது முக்கால்வாசிக்கு மேல் கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்பு என்பதால் காரை கலந்த மண்ணுக்கு வேண்டாம். மிஞ்சிய சோறும் குழம்பும் குழிக்குப் போகக் கூடாது, எலிக்கு அழைப்பு அது. பச்சைச் சாணத்தைப் பாத்தியில் நேரடியாகப் போடுவதும் தவறு. கிருமிகளும் களை விதைகளும் உயிரோடு இருக்கும். பிள்ளைகள் கைவைக்கும் மண் அது.

## ஆடிப்பட்டமும் காலாண்டுத் தேர்வும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி பள்ளிக்கென்றே சொன்னது போலப் பொருந்துகிறது. ஜூனில் பள்ளி திறக்கிறது. வேலி, பாத்தி, தொழு உரத்துக்கு ஒரு மாதம். ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது விதை. செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறைக்கு முன் அறுவடை. அடுத்தது தைப்பட்டம்: பொங்கல் விடுமுறை முடிந்து விதைத்தால் மார்ச்சுக்குள் தட்டுக்கு வரும். நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பெரிதாக எதையும் முயலாமல் கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பயிர் தேர்ந்தெடுப்பது இங்கேதான் மாறுகிறது. விவசாயி விலையைப் பார்ப்பார், பள்ளி விடுமுறையைப் பார்க்க வேண்டும். தக்காளி ஆசை காட்டும். ஆனால் நாற்று விட்டு, நட்டு, காய்த்துப் பழுக்கும்போது பள்ளி பூட்டியிருக்கும். மழை பிடித்தால் இலைக்கருகல் வேறு. முதல் வருடம் தக்காளியே வேண்டாம் என்பதுதான் நேர்மையான பதில். கத்தரி பரவாயில்லை, மூன்று மாதம் தொடர்ந்து காய்க்கும், விடுமுறை முடிந்து வந்தாலும் செடியில் ஏதாவது இருக்கும்.

## சட்டிப் பயிர், வகுப்புப் பயிர்

இந்தப் பெயர்களை எந்தப் பாடநூலிலும் தேட வேண்டாம், வசதிக்காக இங்கே வைத்துக்கொள்வது. நூறு பேர் சட்டியில் ஒரே நாளில் போடுமளவு கிடைப்பவை சட்டிப் பயிர்: கீரைகள், முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக்காய். கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைப்பவை வகுப்புப் பயிர்: வெண்டை, முள்ளங்கி, கொத்தவரை.

வெண்டையைப் பாருங்கள். ஒன்றரை அடி வரிசை, ஒரு அடி இடைவெளி என்று 3 × 12 பாத்தியில் 24 செடி நிற்கும். ஒரு பறிப்புக்கு பதினைந்து, இருபது காய், கால் கிலோ. சாம்பாரில் போட்டால் காணாமல் போகும். அதே இருபது காய் ஒரு வகுப்புக்குத் தாராளம். பிஞ்சு வெண்டையைப் பச்சையாகத் தின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தின்றால் கணக்கு வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் 24 குழியில் குழிக்கு இரண்டு விதை, முளைத்தது எத்தனை, விழுக்காடு என்ன என்று கேட்டால் கணக்கு வந்துதான் ஆக வேண்டும்.

வெண்டையின் சிக்கல் சனி, ஞாயிறு. பூத்த ஆறேழு நாளில் பறிக்க வேண்டிய காய் அது. திங்கள், புதன், வெள்ளி என்று பறிக்கும் நாளை வைத்து, வெள்ளியன்று சற்றுச் சின்னக் காய்களையும் எடுத்துவிட வேண்டும். விட்டால் திங்கட்கிழமை நாராகியிருக்கும். நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கடைக்காரர் எதிரில் செய்தால் முறைப்பார், தோட்டத்தில் அதுவே பாடம்: சட்டென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்.

சுருக்கம்: கீரையும் முருங்கையும் சமையல்கூடத்துக்கு, வெண்டையும் முள்ளங்கியும் வகுப்புக்கு. இரண்டையும் கலந்து எதிர்பார்ப்பதால்தான் சமையலர், ஆசிரியர் இருவருக்கும் ஏமாற்றம்.

## ஒரு கீரைப் பாத்தி, இருபத்தைந்து நாள்

முதல் தடவைக்குச் சிறுகீரையைவிட நல்ல பயிர் இல்லை. என்றைக்குச் சாப்பிட வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சத்துணவுப் பட்டியலில் கீரை சாதம் வரும் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், விதைப்பு அதற்கு 25 நாள் முன்பு. மாதத்தின் நாளைப் பிள்ளைகளே சுவரில் குறிக்கட்டும்.

பாத்திக்கு ஒரு கூடை, அதாவது 8 முதல் 10 கிலோ, மக்கிய தொழு உரம் கொத்திச் சமப்படுத்தவும். விதை அரைத் தேக்கரண்டி போதும். எல்லோரும் தவறுவது இங்கேதான். கீரை விதை கடுகைவிடச் சின்னது, கையளவு அள்ளித் தூவிவிடுவார்கள். முளை நெருங்கினால் அடித்தண்டில் ஈரம் காயாது. பூஞ்சை பிடித்து நாற்றுகள் தரையோடு சாய்ந்து திட்டுத் திட்டாகக் காணாமல் போகும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். அரைக் கரண்டி விதையைப் பத்து மடங்கு காய்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவினால் பரவல் சரியாக இருக்கும். மேலே மெல்லிய மண்தூவல், விதை மறையுமளவு மட்டும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமல் பாத்தி ஓரம் சுற்றிலும் வேப்பம் புண்ணாக்குத் தூள்.

தண்ணீரைக் குடத்தால் ஊற்றினால் விதை ஒரு மூலையில் போய்ச் சேரும். பூவாளி வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் சுடுகம்பியால் துளைகள் போட்டுக்கொள்ளலாம் (கம்பியைச் சுடுவது பெரியவர் வேலை). மூன்றிலிருந்து ஐந்து நாளில் முளை. பத்தாம் நாள் நெருக்கமானவற்றைப் பிடுங்கிக் கலைக்க வேண்டும். முளைத்ததைப் பிடுங்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு மனசு வராது. பிடுங்கியதும் கீரைதான், வீட்டுக்கு ஒரு பிடி என்றால் ஆளாளுக்குப் பறப்பார்கள்.

இருபத்தைந்தாம் நாள் ஒரு பாத்தியில் வேர் நீக்கி மூன்று கிலோ அளவில் கிடைக்கும். நூறு பேருக்கு இரண்டு பாத்தி ஒரே நாளில் தயாராக இருக்க வேண்டும். சமையலர்கள் கீரை என்றாலே முகம் சுளிப்பதற்குச் சுவை காரணமில்லை. ஐந்தாறு கிலோ கீரையைத் தனி ஆளாக ஆய்ந்து, மண் போக மூன்று தண்ணீரில் அலசி முடிக்கப் பாதிக் காலை போய்விடும். முப்பது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் இருபது நிமிடம். முதல் நாளே சமையலரிடம் சொல்லி, காலை ஒன்பதரைக்குள் ஆய்ந்த கீரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த மாதம் அவரே கேட்பார்.

## தண்ணீர், பூச்சி

வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 4 முதல் 5 லிட்டர். ஆறு பாத்திக்கும் சேர்த்து 100 லிட்டர். பத்துக் கிலோ அரிசி களைந்த கழுநீர் இருபது, முப்பது லிட்டர் அப்படியே பாத்திக்குப் போகலாம். கை, தட்டு கழுவும் தண்ணீரில் சோப்பும் எண்ணெயும் இருப்பதால் கீரைக்கு வேண்டாம், வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்கள். வெள்ளி மாலை நனைத்துச் சருகால் மூடிவிட்டால் திங்கள் வரை தாங்கும்; மண்ணை இப்படி மூடுவதுதான் மூடாக்கு.

தண்ணீர் ஊற்றுவது முறை வைத்து எல்லோருக்கும் வர வேண்டும். தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகவோ, எப்போதும் அதே நாலு பிள்ளைகளுக்கோ அந்த வேலை போனால், இரண்டாவது குரல் சொன்னது உண்மையாகிவிடும். ஆண் பிள்ளைகள் கொத்துவதும் பெண் பிள்ளைகள் கீரை ஆய்வதுமாகப் பிரிவதையும் முதல் வாரமே உடைக்க வேண்டும்.

பூச்சிக்கொல்லி பள்ளிக்குள் வரவே கூடாது. அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போகும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கரைத்து மாலையில் தெளிக்கலாம். வெண்டை இலை வலைப்பின்னலாக மஞ்சளித்தால் வெள்ளை ஈ பரப்பிய நச்சுயிரி அது, மருந்து கிடையாது. செடியோடு பிடுங்கிவிடுங்கள். கத்தரி நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. நுனியைக் கிள்ளிப் பிளந்து காட்டினால் அன்றைய அறிவியல் பாடம் முடிந்தது.

## நெருப்பில்லாத சமையல் வகுப்பு

அமெரிக்காவின் பெர்க்லியில் சமையல் கலைஞர் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995-இல் தொடங்கிவைத்த பள்ளித் தோட்டத்தில் பிள்ளைகள் சமைக்கத் தனி வகுப்பறையே உண்டு. நம் சத்துணவுக் கூடத்தை அப்படிப் பயன்படுத்த முடியாது, பயன்படுத்தவும் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கூடத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். அடுப்பிருக்கும் இடத்துக்குள் பிள்ளைகள் போகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

அடுப்பில்லாமலே செய்ய நிறைய இருக்கிறது. முளைகட்டிய பாசிப்பயறு, துருவிய முள்ளங்கி, வெள்ளரிப் பச்சடி, எலுமிச்சை நீர். முளைகட்டும் பயறே விதைப் பரிசோதனையும் ஆகும்: இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி மூன்றாம் நாள் எண்ணினால் பதினான்கு முளைத்திருந்தால் முளைப்புத்திறன் 70 விழுக்காடு.

சமையலின் அறிவியலைச் சமையலரை வெளியே அழைத்துக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். பருப்பு வேகும் முன் புளி ஊற்றினால் ஏன் வேகாது? காயையும் பருப்பையும் இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பசை வெந்நீரில் கரைவதால்தான் அவை குழைகின்றன. புளிப்பு அந்தக் கரைதலைத் தாமதப்படுத்தும். கீரையை ஏன் மூடாமல் வேகவைக்க வேண்டும்? வேகும்போது கீரையிலிருந்தே வெளிவரும் அமிலம் ஆவியோடு போகட்டும் என்பதற்காக. மூடிவைத்தால் அது திரும்பச் சட்டிக்குள் சொட்டிப் பச்சை நிறத்தைக் காவியாக்கும். கீரை சாதத்தில் எலுமிச்சை பிழிவதும் வெறும் சுவைக்கு மட்டுமில்லை, கீரையின் இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்ள அதன் வைட்டமின் சி உதவுகிறது. பிழிவது இறக்கிய பிறகு.

## ஏப்ரலில் செய்ய வேண்டியது

மே மாதம் தோட்டத்தைக் காப்பாற்றப் போராட வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளிக்கு மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டு, பாத்திகளுக்கு அரை அடி சருகு மூடாக்கு. ஜூனில் திறந்து பார்த்தால் அடிப்பகுதி மக்கியிருக்கும்.

விதை எடுப்பது அதற்கு முன்பே தொடங்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் நல்ல செடி இரண்டில் வெண்டைக்காய்களைப் பறிக்காமல் விட்டுச் சிவப்பு நூல் கட்டிவையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலாகும், காய் பழுப்பேறி வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். நாட்டு விதையாக இருந்தால்தான் இது பலிக்கும். கலப்பினம், அதாவது இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய விதை, அடுத்த தலைமுறையில் தாயைப் போல வராது. பாக்கெட் வாங்கும்போதே பார்க்க வேண்டும். உலர்ந்த விதையைச் சாம்பலோடு கலந்து பாட்டிலில் இறுக்கி மூடி, பயிரின் பெயர், உலர்த்திய தேதி, எந்த வகுப்பு என்று எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஜூனில் அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது எழுதியவர்கள் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருப்பார்கள். ஈரத்துணியில் இருபதை எண்ணி வைக்கப் புது நாலாம் வகுப்பு வந்திருக்கும்.